பதினைந்து மில்லிமீட்டர்

முன்பல்லிலிருந்து இருபதாவது சென்டிமீட்டரில்
ஒராஸ்குலியின் வழி அடைத்திருக்கிறது.
போன பனிக்காலத்தில்
புற்றோடு உணவுக்குழாயை வெட்டியெடுத்து
இரைப்பையைக் கழுத்துவரை இழுத்துத் தைத்த இடம்.
தையல் நன்றாகவே பிடித்துக்கொண்டது.
வேண்டியதைவிட நன்றாக.
ஆறிய புண் சுருங்கிச் சுருங்கி
இப்போது திரையில் வெளிறிய ஒரு வளையம்,
நடுவே பருப்பளவு இருட்டு.

"ஊசிக் காது" என்கிறார் டாக்டர் நிக்பக்த்.
ஒட்டகத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

என் வேலை கைப்பிடியைத் திருகுவது.
முதலில் கம்பி போகும்,
கம்பியின்மேல் குடைபோல் மடிந்த பலூன்.
அழுத்தமானியைப் பார்த்துச் சொல்வேன்:
மூன்று. நாலரை. எட்டு.
வளையம் இறுக்க, பலூனுக்கு இடுப்பு விழும்.
அந்த இடுப்பு மறையும்வரை
அறுபது எண்ண வேண்டும்.

எண்ணிக்கொண்டே வேறெதையும் நினைக்கலாம்.
பதினொரு தடவை எண்ணியாயிற்று இவருக்கு.

கொன்பதிலிருந்து கொர்கானுக்கு
பருத்திக்காடு ஓரமாக இரண்டு மணி நேரம் பேருந்து.
மடியில் ஒரு தகர டப்பா, எச்சில் துப்ப.
டப்பாமேல் மடித்த பந்தயச் சீட்டு.
"இன்றைக்கு எத்தனை மில்லிமீட்டர், மாஹ்ரோ?"
குதிரைக்குக் கட்டுகிறவர் கேட்பதுபோலத்தான் கேட்பார்.
ஒன்பது வந்தபோது கஞ்சி.
பன்னிரண்டில் பாலில் நனைத்த ரொட்டி.
பதினைந்து வரட்டும் என்பார்,
அப்புறம் பார்.
வரும். இரண்டு வாரத்தில் திரும்பிப் போய்விடும்.

அறுவையில் குரல் பாதி போய்விட்டது.
மீதிப் பாதியில் ஒருநாள் சொன்னார்:
"நோன்பு மாதத்தில் பிறந்தேன்.
நோன்பின் அடிமை என்று பேர் வைத்தார்கள்.
மனு எழுதிக் கொடு,
யாரிடமாவது கொடுத்துப் பார்க்கிறேன்."

போன வியாழன் தேதியில்லாமல் வந்தார்.
ஆக்கலாவில் மச்சினன் மகன் கல்யாணம்.
ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்திருக்கிறார்,
தொண்டைக்குழியில் ஏதோ நிற்க,
தண்ணீர்கூட இறங்காமல்.
வலைக்கூடை போட்டு டாக்டர் எடுத்தார்:
கட்டைவிரல் நகமளவு ஆட்டுக்கறி.
மெல்லப்பட்டிருந்தது. நன்றாக, பொறுமையாக.
முப்பது தடவையாவது மென்றிருப்பார்.

டாக்டர் திட்டினார்.
நானும் ஏதோ சொல்ல வாயெடுத்து
மென்று விழுங்கிவிட்டேன்.
எனக்குத்தான் எல்லாம் இறங்குமே.

மயக்கம் தெளிந்ததும்
"எங்கே, காட்டு" என்றார்.
பஞ்சுத்துணிமேல் வைத்துக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் பார்த்தார்.
"உப்பு சரியாக இருந்தது."

ஐம்பத்தெட்டு.
ஐம்பத்தொன்பது.
இடுப்பு சட்டென்று அவிழ்கிறது,
கயிறு அறுந்த மூட்டைபோல.
திரையில் ஒரு கீற்று ரத்தம்,
இவ்வளவு வந்தால் நல்லது,
இதற்குமேல் வந்தால் நல்லதில்லை.
நாலு பக்கமும் ஸ்டீராய்டு ஊசி:
இந்தத் தடவை சீக்கிரம் ஆறாதே என்று
புண்ணிடம் கேட்டுக்கொள்ளும் மருந்து.
வேறெந்தப் புண்ணிடமும்
இப்படிக் கேட்டதில்லை நான்.

சாயங்காலம் நாலு மணி. வெளியே மழை.
காகிதக் குவளையில் வெதுவெதுப்பாகத் தண்ணீர்.
தலையணை மூன்று அடுக்கி உட்கார்ந்திருக்கிறார்;
படுத்தால் இரைப்பை மேலேறிக் கசக்கும் அவருக்கு.
ஒரு வாய் வைத்துக்கொண்டு
கண்ணை மூடிக்கொள்கிறார்.

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமுகிறார்கள்.
சும்மா இருங்கள் என்று சொல்லலாமா என்றிருக்கிறது.

கடக்.

டப்பாவைத் தேடவில்லை அவர் கை.
அட்டையில் அடுத்த தேதி எழுதுகிறேன்,
பதினேழு நாள் தள்ளி.
"பதினாலுதானே வழக்கம்?"
ஆமாம் என்கிறேன்.
இந்த மூன்று நாள்
நான் கட்டுகிற பணம்.